மேல்தொட்டித் தண்ணீர்

நிறைந்து நிற்கும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, "இதிலிருந்து ஒரு சொட்டுகூட எடுக்கக் கூடாது" என்று யாராவது சொன்னால் கோவில்பட்டிக்காரனுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. சொன்னவர் கோயம்புத்தூர்க்காரர். அந்த ஊரில் குழாயைத் திறந்தால் சிறுவாணித் தண்ணீர் கொட்டும், சொல்வதற்கு என்ன நோகுது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். வெளியே தலையை ஆட்டினேன். அவர் எங்கள் ஃபவுண்டரிக்குப் புது மின்சார ஃபர்னஸை மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போக வந்த கம்பெனி எஞ்சினியர். நான் அந்த ஃபவுண்டரியில் எலக்ட்ரீஷியன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஃபவுண்டரி ஊரின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. பம்பு உடல், கடலை உடைக்கும் மிஷினின் சல்லடைச் சட்டம், தீப்பெட்டி ஆபீஸ் மிஷின்களுக்குப் பல்சக்கரம் என்று வருவதையெல்லாம் வார்த்துக் கொடுப்போம். அதுவரை இரும்பை உருக்கியது நிலக்கரிக் கோக் போட்டு எரிக்கும் கியூபோலாவில். கோக் வருவது பாதி நாள் நின்றுபோகும். வந்தாலும் பாதி கல். முதலாளி வெறுத்துப்போய், இனிமேல் கரண்டில் உருக்குவோம் என்று முடிவு செய்தார்.

புது ஃபர்னஸைப் பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "இதுல தீ எங்க எரியும்?" என்றுதான். தீ கிடையாது. பெரிய அண்டா அளவில் ஒரு பானை. அதைச் சுற்றிச் செம்புக் குழாயைச் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். குழாயில் கரண்ட் ஓடினால் பானைக்குள் கிடக்கும் இரும்பு தானாகச் சூடேறி உருகும். செம்பு சூடாகிவிடாமல் இருக்க அந்தக் குழாய்க்குள்ளேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வெளிச்சுற்றில் கரண்ட், உள்ளே தண்ணீர், ஒரு சாண் தள்ளி உருகிய இரும்பு. மூன்றையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் வைத்திருப்பதுதான் வேலை.

அந்த வேலைக்குக் கோயம்புத்தூரிலிருந்தே பழகின ஆளைக் கொண்டுவரலாம் என்று முதலாளி யோசித்தார். நான் விடவில்லை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு எட்டு வருடம் மோட்டார் கட்டிக்கொண்டு கிடந்தவன்; இதையும் வேற்றூர்க்காரனிடம் கொடுத்தால் நான் எதற்கு? "நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. எனக்கு விட்டுப் பாருங்க" என்று அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "சரி. ஆனா ஒரு தப்பு நடந்தாலும் அன்னைக்கே வேற ஆளு. அப்புறம் ஏங்கிட்ட வந்து நிக்கப்பிடாது" என்றார். சம்மதித்துவிட்டு வந்தேன்.

அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டவே ஒரு மாதம் ஆனது. கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குக் கால் நுழைகிற அளவு வெடிக்கும். சுக்கான் பாறை தட்டும்வரை தோண்டி, கான்கிரீட் போட்டு ஏற்றினோம். பிறகு பானைக்கு உள்பூச்சு. கியூபோலாவுக்குக் களிமண்ணைக் குழைத்து அப்பிப் பழகியவர் எங்கள் மேஸ்திரி. இதற்கோ உலர்ந்த மாவு போன்ற மணலைக் கொட்டி இடித்து இறுக்க வேண்டும், ஈரம் பட்டாலே ஆபத்து. மேஸ்திரிக்கு அது பொறுக்கவில்லை. "தண்ணி ஊத்த வேண்டிய எடத்துல ஊத்தாதங்காரு. தேவையில்லாத எடத்துல தொட்டி தொட்டியா வைக்கச் சொல்லுதாரு. நல்ல எஞ்சினியரு!" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

தேவையில்லாத இடம் என்று அவர் சொன்னது மேல்தொட்டியை. ஃபவுண்டரிக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை விட்டால் செம்புக் குழாய் ஆறு மாதத்தில் சுண்ணாம்பு பிடித்து அடைத்துக்கொள்ளும். அதனால் மேற்கே ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து டேங்கர் லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கீழ்த்தொட்டியை நிரப்பினோம். அது பம்பு மூலம் சுற்றிச் சுற்றி ஓடும். அதுபோக, இருபதடி இரும்புக் கால்களின் மேல் ஐயாயிரம் லிட்டர் கொள்ளும் இன்னொரு தொட்டி. அதிலும் அதே நல்ல தண்ணீர்.

எஞ்சினியர் எங்களைத் தொட்டிக்கு அடியில் நிற்க வைத்துச் சொன்னார். "கரண்ட் போச்சுன்னா பம்பு நின்னுக்கும்ங்க. ஆனா உள்ளே இருக்கிற இரும்பு சூடு ஆறாது. அந்தச் சூட்டுல செம்பு இளகி ஓட்டை விழுந்து, இரும்பும் தண்ணியும் சந்திச்சா வெடிச்சுருமுங்க. இங்க நிக்கறவங்க ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. அதனால கரண்ட் போன உடனே இந்த வால்வைத் திறக்கணும். மேல்தொட்டித் தண்ணி தானா இறங்கி ஓடும். இது எப்பவும் நிறைஞ்சே இருக்கணும். இருபது வருஷம் இதைத் தொடவே வேண்டி வராம இருந்தா ரொம்ப நல்லதுங்க."

இருபது வருடம் தொடாத நல்ல தண்ணீர்! அந்தக் கோடையில் எங்கள் தெருக் குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வந்தது. வந்தால் வீட்டுக்கு நாலு குடம், அதற்கும் குடுமிப்பிடிச் சண்டை. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, டீ போட்டால் பால் திரியும். எங்கள் வீட்டில் அப்போது பத்து மாதக் குழந்தை. வெயிலில் அதற்கு வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியிருந்தோம். நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அவருக்கும் அதைச் சொல்வது எளிது.

தொட்டியைக் கழுவி விடுவதற்காக அதன் அடியிலிருந்து தரைக்கு இறங்கி வரும் ஒரு குழாய் உண்டு. ஒரு நாள் சாயங்காலம், வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, அதில் இரண்டு குடம் பிடித்து சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஐயாயிரம் லிட்டரில் இரண்டு குடம் என்ன பெரிய கணக்கு? வாரத்துக்கு ஒருமுறை கீழிருந்து பத்து நிமிடம் பம்பு போட்டால் சரியாகிவிடும். மனைவி எங்கிருந்து என்று கேட்கவில்லை. மறுநாளும் பிடித்தேன். மூன்றாம் நாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

தினமும் காலையில் நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். எஞ்சினியர் தயாரித்துக் கொடுத்த தாள் அது. பம்பு சரி, வால்வு சரி, மேல்தொட்டி நிறைந்துள்ளது. முதல் வாரம் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். அப்புறம் தொட்டியின் அடிவரை மட்டும் ஏறி, கைக்கு எட்டிய உயரத்தில் ஸ்பேனரால் தட்டிப் பார்த்துவிட்டுப் போட்டேன். அடியில் தட்டினால் எந்தத் தொட்டியும் நிறைந்தது போலத்தான் கேட்கும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று பிறரைச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் எடுத்த அந்த மூன்று வாரமும் வேலி நான்தான்.

தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் பம்பு போட்டு நிரப்பலாம் என்று நினைத்த வாரத்தில் டேங்கர் லாரிக்கு அச்சு முறிந்துவிட்டது. கீழ்த்தொட்டியிலேயே அளவாகத்தான் இருந்தது. லாரி வரட்டும் என்று விட்டேன். லாரி வருவதற்குள் முதல் உருக்கு நாள் வந்துவிட்டது.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பூஜை. சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, பேனலுக்குச் சந்தனம் வைத்தார்கள். மேஸ்திரி வேதக்காரர், பானைக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். நான் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு சுவிட்சைத் தள்ளினேன். கியூபோலா என்றால் ஊதுகாற்று அலறும், பொறி பறக்கும், புகை மண்டும். இது தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நின்ற மாதிரி 'ம்' என்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்தது. "இம்புட்டுத்தானா?" என்றார் மேஸ்திரி ஏமாற்றத்தோடு.

புதுப் பூச்சை மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும், அவசரப்பட்டால் வெடித்துவிடும். மணிக்கு இவ்வளவு என்று எஞ்சினியர் ஏற்றிக்கொண்டே போனார். பத்து மணிக்கு இரும்பு சிவந்தது. பன்னிரண்டு மணிக்கு அடியில் இளகத் தொடங்கியது. மூன்று மணிக்குப் பானை விளிம்புக்கு ஒரு சாண் கீழே வெல்லப்பாகு போலத் தளதளத்தது. மேஸ்திரி நீலக் கண்ணாடியை வைத்து எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் கண்ணாடியை முதலாளியிடம் கொடுத்தார். அவர் பேசாமல் இருந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

அன்றைக்கு மின்வெட்டு இல்லை என்று மின்வாரிய ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வெட்டவில்லை. மூன்றேகால் மணிக்கு மேற்கே இருந்து ஒரு காற்று வந்தது. காய்ந்த பருத்திமார்க் குச்சியும் முள்ளுமாகப் புழுதி சுருண்டு எழும்பி, தகரக் கூரை படபடத்தது. எங்கோ ஒரு கம்பத்தில் வயர் அறுந்திருக்க வேண்டும். பேனல் விளக்கு எல்லாம் அணைந்தது. அந்த 'ம்' நின்றுபோனது.

எஞ்சினியர், "வால்வு!" என்று கத்துவதற்குள் நான் திறந்துவிட்டேன். செம்புச் சுருளைச் சுற்றி வந்த தண்ணீர் மறுமுனைக் குழாயில் மணிக்கட்டுத் தடிமனுக்குச் சாக்கடையில் கொட்டியது. அவர் அதில் கையை நீட்டி, சுட்டதும் உதறிக்கொண்டார். "சரிங்க, ஓடுது. பானையைச் சாய்ச்சு இரும்பை வெளியே கொட்டிடலாம். உள்ளே உறைஞ்சா பானை போச்சு." கரண்ட் இல்லாதபோது பானையைச் சாய்க்க ஒரு கைப்பம்பு உண்டு. ஆள் மாற்றி ஆள் இருவராக அதை அடித்தார்கள். மேஸ்திரி லேடில் என்கிற நீளப்பிடி அகப்பையைப் பிடித்து நின்று, சாய்ந்து வந்த இரும்பை வாங்கி வாங்கி மணல் பாத்திகளில் ஊற்றினார்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். சாக்கடையில் கொட்டிய தண்ணீர் கட்டைவிரல் தடிமனுக்கு இளைத்தது. ஏணியில் ஏறினேன். இந்தத் தடவை உச்சிவரை ஏறினேன். தொட்டியின் அடியில் முழங்கால் ஆழம் தண்ணீர் கிடந்தது. அதில் என் முகம் தெரிந்தது. இரண்டு குடம் இரண்டு குடமாக நான் எடுத்தது இவ்வளவு இருக்காதே என்ற எண்ணம் வந்தது. ஆனால் அதை யோசிக்க அது நேரம் இல்லை. கீழே பானைக்கு அருகில் ஒன்பது பேர் நின்றார்கள்.

"தொட்டில தண்ணி இல்ல!" என்று மேலிருந்தே கத்தினேன்.

எஞ்சினியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "எவ்வளவுங்க இருக்கு?" என்றார். சொன்னேன். வால்வைப் பாதி மூடித் தண்ணீரை மெலிதாக்கினார். "எந்தத் தண்ணியா இருந்தாலும் சரி, கொண்டாந்து ஊத்துங்க. சாக்கடையில போறதையும் பிடிச்சு ஊத்துங்க" என்றார். கீழ்த்தொட்டிக்கு மூடி போட்டு போல்ட் இறுக்கியிருந்தது, வாளி நுழையாது. இருவர் கிணற்றுக்கு ஓடி வாளி போட்டார்கள். அந்தக் கோடையில் வாளி பாதிதான் நிறைந்து வந்தது. நான் ஃபவுண்டரிக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவுக்கு ஓடினேன்.

மனைவி வாசலில் தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கும் சட்டத்தோடு உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி, வீட்ல இருக்க தண்ணி அம்புட்டையும் எடு. ஃபர்னசுக்கு வேணும்" என்றேன்.

"பிள்ளைக்கு வச்சிருக்க தண்ணியுமா?"

"அதையும்தான். இல்லன்னா அங்கன ஆளு செத்துப்போகும்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சட்டத்தைத் தள்ளிவிட்டுத் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் இடுப்பில் குடத்தோடு வந்தார்கள். எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பின்கதவு வழியாக நுழைந்து, யாரும் காட்டாமலேயே, நேரே மேல்தொட்டிக்கு அடியில் போய் நின்றார்கள். வழி எப்படித் தெரிந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஏணியில் நாலு படிக்கு ஒருவராக ஆண்கள் நின்றோம். குடம் கை மாறி மேலே போனது, காலியாகிக் கீழே வந்தது. வீட்டுத் தண்ணீர் தீர்ந்ததும் பெண்கள் சாக்கடை முனையில் சுடுதண்ணீரைப் பிடித்து, சேலை முந்தானையைச் சுருட்டிக் கையில் வைத்துத் தூக்கிக் கொடுத்தார்கள். இரும்பைக் கொட்டி முடித்த பிறகும் பானைச் சுவர் சிவந்துதான் கிடந்தது. அது ஆறும்வரை தண்ணீர் ஓட வேண்டும். எஞ்சினியர் வெளிக்குழாய் முனையிலேயே உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒருமுறை கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று அடங்கிவிட்டது. மழை வரவில்லை. எங்கள் ஊருக்கு வரும்போது எப்போதும் பாதி வழியிலேயே அதற்கு வேறு வேலை வந்துவிடும்.

ஐந்தரை மணிக்குக் கரண்ட் வந்தது. பம்பு ஓடியது. எஞ்சினியர் நீட்டிய கையை எடுக்கவே இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக வந்துகொண்டிருந்தது. "தப்பிச்சாச்சுங்க" என்றார்.

அதன் பிறகு அவர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். முதலாளி, மேஸ்திரி, வாட்ச்மேன் எல்லோரும் சுற்றி நின்றார்கள். "காலையில நீங்கதானுங்களே கையெழுத்துப் போட்டீங்க?"

"நான்தான் சார். பாக்காம போட்டேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மேஸ்திரியின் தோளில் பொறி பட்டு வெந்திருந்த இடம் கண்ணில் பட்டது, நிறுத்த முடியவில்லை. "தினமும் ரெண்டு கொடம் வீட்டுக்கு எடுத்துட்டும் போனேன்."

முதலாளியின் முகம் சிவந்தது. "ஒம்பது பேரு உசிருலே அது! நாளைலருந்து நீ வரண்டாம்" என்றார். அவர் சொன்னது நியாயம்.

அப்போது வாட்ச்மேன் தொண்டையைச் செருமினார். வயதானவர். "அப்ப நானும் வரப்பிடாது மொதலாளி. வீட்டுக்கு ரெண்டு கொடம் எடுக்கேன். ராவுல இந்தத் தெருப் பொம்பளையளுக்குக் கதவத் தெறந்து விடுததும் நாந்தான். குடிக்கத் தண்ணி கேட்டா எப்படி இல்லன்னு சொல்ல?" மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் தெனம் ஒரு கொடம்" என்றார். வாட்ச்மேன் விடவில்லை. "சாரு தங்கியிருக்க ரூம்புக்குக் குடிக்கக் கொண்டு வைக்கதும் இதாம். உப்புத் தண்ணி சாருக்கு ஒத்துக்கிடாதுன்னு மொத நாளே சொன்னாவ" என்றார்.

எஞ்சினியர் கையில் இருந்த தாளை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் முதலாளி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்கும் ரெண்டு கேன் போகுது. டிரைவர நாந்தான் அனுப்புனேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, "காலைல ஏழு மணிக்கு வந்துரு" என்றார்.

மறுநாள் ஏழு மணிக்குப் போனபோது எஞ்சினியர் எனக்கு முன்னால் வந்து ஏணி மேல் நின்றிருந்தார். தொட்டியின் வயிற்றில், முக்கால் உயரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு கிழித்தார். "இதுக்கு மேல இருக்கறது உங்க ஊர்க்காரங்களுக்குங்க. கீழ இருக்கறது ஃபர்னசுக்கு. குழாயை இந்த இடத்துல வச்சிருங்க. அப்புறம் நீங்களே நினைச்சாலும் கீழே இருக்கறதை எடுக்க முடியாது." அடிக்குழாயை வெல்டு வைத்து அடைத்துவிட்டு, அவர் கோட்டில் துளை போட்டுப் புதுக் குழாயைப் பொருத்தினேன். அங்கிருந்து ஒரு பைப்பைக் கீழே இறக்கி, பின்கதவுக்கு வெளியே கொண்டு விட்டோம். அந்த வேலையில் இருந்த பதினாறு வருடமும் தினமும் உச்சிவரை ஏறிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் குழாய் வந்தது மறுநாள்தான். தப்பிப் பிழைத்த அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது தெரு முழுக்கக் குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. கிணற்று உப்புத் தண்ணீரில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் குழந்தை பால்புட்டிக்கு அழுது ஓய்ந்து தூங்கியிருந்தது. எதிர்வீட்டில் எடுத்து வைத்திருந்த அரைச் செம்பு நல்ல தண்ணீர் அதன் தொட்டில் பக்கத்தில் இருந்தது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாவளா?" என்று மனைவி கேட்டாள்.

"வந்துட்டாவ."

தொட்டில் கயிற்றை ஒருமுறை ஆட்டிவிட்டாள். "நீங்க கொடம் கொண்டாரப்பல்லாம் எங்கேருந்துன்னு நான் ஒருநாளும் கேக்கலை. கேட்டா நீங்க சொல்லிருவீயன்னுதான் கேக்கலை" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவளும் தப்பில் தன் பங்கை எடுத்துக்கொண்டது தாங்க முடியவில்லை. கிணற்றுத் தண்ணீரை ஒரு தம்ளரில் மொண்டு கொடுத்தாள். தொண்டை கரித்தது. முழுவதையும் குடித்துவிட்டு, இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.